நாலாவது விளக்கின் முதுகு

அத்தியாயம் 14

"சீலை உடைக்கக் கூடாது, மிருது. அது ரயில்வே வெச்ச சீல். நாம கை வெச்சோம்னா..."

"நாம உடைக்கணும்னு நான் சொல்லல. வெச்சவங்களே மத்தியானம் வர்றாங்க, அவங்க முன்னாடி..."

"வந்தா? வாங்க மேடம், எங்க விளக்குல கோளாறு, பாருங்கன்னு நீயே கூப்பிட்டு..."

"கோளாறுன்னு யார் சொன்னா? ஒரு மூலை சுடுதுன்னு..."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல, நிர்மல். அந்த வித்தியாசம் தெரியாமலா நீ என்கூட ரெண்டு வருஷமா பட்டறை நடத்தறே?"

கையில் இட்லித் தட்டுடன் இறங்கிக்கொண்டிருந்த யசோதா மாடிப்படியின் பாதியில் நின்றுவிட்டாள். சண்டையைக் கேட்டு நிற்கவில்லை. 'நீ' என்ற சொல்லைக் கேட்டு நின்றாள். மருமகள் மாடியில் நிர்மலை 'நீங்க' என்பாள், கீழே பட்டறையில் 'நீ' என்பாள். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், பழைய பழக்கம் போகாது. யசோதாவுக்கு அது தெரியும். ஆனால் அந்த 'நீ' இதுவரை படியேறி வந்ததில்லை.

"மெதுவா பேசு. அம்மா வர்றாங்க."

"வரட்டும். அத்தைக்கும் தெரியட்டும்."

யசோதா உள்ளே வந்து, மேஜையில் கம்பிகளை ஒதுக்கித் தட்டை வைத்தாள். சாப்பிட்டுவிட்டுச் சண்டை போட்டால் தெம்பாகப் போடலாம் என்றாள். மிருதுளாவுக்குச் சிரிப்பு வந்தது. நிர்மல் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியிடம் குரல் உயர்த்தியது அம்மா காதில் விழுந்துவிட்டது என்ற வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு யசோதா மேலே போய்விட்டாள்.

இந்த வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிட்டு மூன்று நாட்கள் ஆயிற்று. மேஜையில் வரிசையாக இருந்த ஆறு விளக்குகளில் நாலாவதுதான் காரணம்.

நிர்மலும் மிருதுளாவும் நல்ல வேலைகளை விட்டுவிட்டு, கல்கத்தா பவானிபூர் வீட்டின் கீழ்த்தளத்தைப் பட்டறையாக்கியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். கடை விளக்கு, பந்தல் விளக்கு என்று போய்க்கொண்டிருந்த தொழிலில் முதல்முறையாக ஒரு பெரிய கதவு திறந்திருந்தது. சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் உயரமான கம்பம் ஒன்றில் மாட்டிப் பார்க்க ஆறு விளக்குகள் கேட்டிருந்தார்கள். அவை சரிப்பட்டால் யார்டு முழுவதற்கும் இவர்களுடைய விளக்குதான்.

ரயில்வே பொறியாளர் சாதனா மேடம் போன வாரம் வந்து, மூடிய விளக்குகளின் திருகுகள்மேல் அரக்கு வைத்து முத்திரை பதித்துப் போனார். மூன்று நாள் தொடர்ந்து எரியவிட்டுச் சூட்டைக் குறிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்து விளக்குகள் அறுபத்தெட்டு டிகிரியில் சமர்த்தாக நின்றன. நாலாவது மட்டும், அதுவும் ஒரே ஒரு மூலையில், முதல் நாளே தொண்ணூற்று மூன்றுக்குப் போனது.

இன்று மத்தியானம் சாதனா மேடம் வருகிறார். நாளை விஸ்வகர்மா பூஜை. கல்கத்தாவில் அன்று எந்தப் பட்டறையிலும் ஒரு திருப்புளியைக்கூடத் தொட மாட்டார்கள். தொழிலாளி தபன்தா இப்போதே கருவிகளைத் துடைத்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். மூலையில், முகத்தைச் செய்தித்தாளால் மூடிக்கொண்டு, யானைமேல் அமர்ந்த களிமண் விஸ்வகர்மா நாளைக்காகக் காத்திருந்தார். நாளை மறுநாள் காலை லாரி வந்துவிடும். எதைச் செய்வதானாலும் இன்று ஒரு பகல்தான்.

நிர்மலிடம் ஒரு வழி இருந்தது. மின்சாரம் ஊட்டும் டிரைவர் பெட்டி விளக்குக்கு வெளியே தனியாக இருக்கிறது, அதற்குச் சீல் கிடையாது. அதில் ஒரு சின்னத் திருகு. அதை இடப்பக்கம் கால் சுற்று சுற்றினால் நாலாவது விளக்குக்குப் போகும் மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். சூடும் குறையும். வெளிச்சமும்தான். ஆறில் ஒன்று கொஞ்சம் மங்கினால் தொண்ணூறு அடி உயரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்றான்.

"அதுக்கு அடியில நிக்கறவனுக்குத் தெரியும்" என்றாள் மிருதுளா.

மழைக்காலத்தில் அவள் சாந்த்ராகாச்சிக்கு அளவெடுக்கப் போனபோது ஒரு மனிதரைப் பார்த்தாள். இரண்டு சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் வேலை. அதனால் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டிருந்தார். டார்ச் வழியாக எச்சில் சட்டையில் வடிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து அன்றைக்கே, விளக்குக்குள் எல்.இ.டி.கள் பதிகிற போர்டின் முதல் கோட்டைப் போட்டாள்.

"ரெண்டு கையும் வேலை செய்யறப்ப அந்த மனுஷனோட வாய் சும்மா இருக்கணும், நிர்மல். ஒரு பாட்டுப் பாடவாவது. அவ்வளவுதான் நான் கேக்கறது."

"அப்படின்னா ஒண்ண ஒத்துக்கோ. உன் வரைபடம் தப்பு. எல்.இ.டி.யை நெருக்கிப் போட்டுட்டே. சூடு போக வழியில்ல. தப்பு உன்னோடதுன்னு தெரிஞ்சப்புறம் மேடம் முன்னாடி எதுக்குத் திறக்கணும்?"

மூன்று நாட்களாகத் தன்னையே மிருதுளா கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. அதையே புருஷன் வாயால் கேட்டபோதுதான் அதன் எடை தெரிந்தது.

அப்போது மாமனார் இராமநாதன் இறங்கி வந்தார். வந்தவர் விளக்குகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. நாலாவதில் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

நிர்மலின் அப்பா கிடர்பூர் துறைமுகத்தின் மின்பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். கிரேன் உச்சியில் ஏறி பல்பு மாற்றியவர். அந்தக் காலத்து விளக்கு வெளிச்சத்தோடு சேர்த்துச் சூட்டையும் முகத்தில் அடிக்கும். மருமகளின் விளக்கை முதல்முறை பார்த்தபோது, கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டிவிட்டு, சூடே இல்லையே, இது எரிகிறதா ஏமாற்றுகிறதா என்று கேட்டார்.

"பின்னாடி தொட்டுப் பாருங்க மாமா" என்றாள் அவள். தொட்டார், சுட்டது. "வெளிச்சம் முன்னால போயிடும். சூடு முதுகு வழியா இறங்கணும். அது இறங்கறதுக்குப் படி கட்டறதுதான் என் வேலை."

அன்றிலிருந்து அந்தப் போர்டைப் பற்றி இராமநாதன் துறைமுகத்துப் பழைய நண்பர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாதாரணப் போர்டு பச்சை அட்டை, சூடு அதில் சிக்கிக்கொள்ளும். இது அலுமினியத் தகடு. அதன்மேல் வெங்காயத்தோல் போல ஒரு பூச்சு, மின்சாரத்தைத் தடுக்கும், சூட்டை விட்டுவிடும். அதற்கு மேல் செம்பு. ஒவ்வொரு எல்.இ.டி.க்கு அடியிலும் அடை தட்டுவது போல் செம்பை அகலமாக விட்டிருப்பாள். நாற்பத்தெட்டு எல்.இ.டி.யும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நிற்காது. நடுவில் தள்ளித் தள்ளி, ஓரத்தில் கொஞ்சம் நெருக்கமாக நிற்கும். ஏன் இப்படி என்று அவர் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் கிடர்பூர் முழுக்கப் பிரசித்தம்.

"ஆபீஸ் நேரத்து மெட்ரோ மாமா. நடுவுல மாட்டினவனுக்குத்தான் புழுக்கம், கதவோரம் நிக்கறவனுக்குக் கொஞ்சம் காத்து வருது. அதனால நடுவுல கூட்டத்தக் குறைச்சேன்."

இன்று அவர் மருமகளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். இட்லி அப்படியே இருப்பதைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மிருதுளா ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். ஒவ்வொரு போர்டிலும் ஒன்பது இடங்களில் தலைமுடி போன்ற உணர்கம்பிகளை ஒட்டி, ஒரே பிளக் வழியாக வெளியே கொண்டுவந்திருந்தாள். அந்த ஒன்பது சூடுகளைத் தாளில் அதனதன் இடத்தில் எழுதினாள். பிறகு சமமான சூடுகளை வளைகோட்டால் இணைத்தாள். ஒரு வட்டம். அதற்குள் ஒரு வட்டம். அதற்குள் இன்னொன்று.

"என்னம்மா இது, டி.வி.யில வங்கக் கடல் புயலைக் காட்டற மாதிரி இருக்கு?"

"புயல்தான் மாமா. அதோட கண்ணு எங்க இருக்கு பாருங்க."

வலது கீழ் மூலையில், நான்கு எல்.இ.டி.களுக்கு நடுவே, எதுவுமே இல்லாத வெற்றிடத்தில் அந்தக் கண் இருந்தது.

மிருதுளா பேனாவைக் கீழே வைத்தாள். அவள் முகம் மாறியதை இராமநாதன் கவனித்தார். மூன்று நாட்களாகக் குறுகியிருந்த தோள் நிமிர்ந்தது.

"ஆறு போர்டும் ஒரே வரைபடம். ஒரே நாள்ல வந்தது. நான் நெருக்கிப் போட்டிருந்தேன்னா ஆறும் சுடணும், அதே இடத்துல சுடணும். ஒரு எல்.இ.டி. கெட்டிருந்தா அது நிக்கற இடத்துல சுடணும். இங்க ஒண்ணுமே இல்லாத இடத்துல உச்சம். அப்ப மேல எதுவும் இல்ல, மாமா. அடியில இருக்கு. போர்டோட முதுகுக்கும் விளக்கோட உடம்புக்கும் நடுவுல ஏதோ மாட்டிக்கிட்டிருக்கு. ஒரு ரூபாய் அளவு இருக்கும். அந்த இடத்துல போர்டு உடம்பை ஒட்டாம தூக்கிக்கிட்டு நிக்குது."

"ஒன்பது கம்பியை வெச்சு ஜோசியமா?" என்றான் நிர்மல். குரலில் கேலி இருந்தது, ஆனால் சரியாக வரவில்லை.

தபன்தா பயந்துவிட்டார். விளக்குகளுக்குள் போர்டை மாட்டுகிறவர் அவர்தான். தமிழ் புரியாவிட்டாலும் விரல் எதைக் காட்டுகிறது என்பது புரியும். ஓடிப்போய்த் தன் நோட்டைக் கொண்டுவந்தார். எந்த விளக்கை யார் மாட்டியது என்று கையெழுத்துப் போடுகிற நோட்டு. ஐந்துக்கு அவர் கையெழுத்து இருந்தது. நாலாவதற்கு மட்டும் கண்ணாடியைச் சுற்றிப் பொருத்தும் ரப்பர் வளையம் வரத் தாமதமாகி, அவர் தங்கை மகள் கல்யாணத்துக்குப் பர்த்தமான் போயிருந்த நாளில்தான் மூடினார்கள். அந்த வரி காலியாக இருந்தது. அன்றைக்கு மிருதுளாவும் மறுபடி சாந்த்ராகாச்சி போய்க் கம்பத்தின் அளவு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் மாட்டினேன்" என்றான் நிர்மல், சுவரைப் பார்த்தபடி. "ஒழுங்காத்தான் மாட்டினேன்."

சாதனா மேடம் ஒரு மணிக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பருத்திப் புடவை, தோளில் துணிப்பை, வெயிலுக்கு ஒரு குடை. அளந்து பேசுகிற வங்காளப் பெண்மணி. உட்காரச் சொல்வதற்கு முன்பே மிருதுளா விஷயத்தைச் சொல்லிவிட்டாள், அவருடைய மொழியிலேயே. நாலாவது விளக்கில் ஒரு மூலை சுடுகிறது. ஏன் என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். உங்கள் முன்னால் திறந்து காட்ட அனுமதி வேண்டும்.

திறந்து பார்த்து உள்ளே எதுவும் இல்லையென்றால், என்று கேட்டார் அவர்.

அப்படியானால் என் வரைபடம் தப்பு, ஆறையும் நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், யார்டுக்கு வேறு யாரையாவது பாருங்கள் என்றாள் மிருதுளா.

நிர்மல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இராமநாதன் அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

சாதனா மேடம் அந்த வட்டத் தாளைக் கையில் வாங்கினார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். பிறகு தன் பேனாவை நீட்டி, எந்த இடம் என்று ஒரு பெருக்கல் குறி போட்டு, கீழே கையெழுத்தும் நேரமும் போடச் சொன்னார். போட்டாள். தாளை நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, அரக்கு முத்திரையை அவரே திருப்புளியால் தட்டி உடைத்தார்.

எட்டுத் திருகுகள். மிருதுளாவே கழற்றினாள். கண்ணாடி வந்தது. கம்பிகளை விடுவித்தாள். போர்டின் ஓரத்தில் ஒரு மெல்லிய தகட்டைக் கொடுத்து மெதுவாக நெம்பினாள். அது விட மனமில்லாமல் விட்டது. திருப்பினாள்.

போர்டுக்கும் உடம்புக்கும் நடுவில் சூடு கடக்கத் தடவும் சாம்பல் நிறப் பசை முதுகு முழுவதும் சீராகப் படிந்திருந்தது. குறி போட்ட அந்த மூலையில் மட்டும் இல்லை. அங்கே பசை வட்டமாக விலகி நின்றது. அந்த வட்டத்துக்குள் காய்ந்து கெட்டியான சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

மொட்டை மாடிகளில் நாளைப் பூஜைக்கு விடுகிற பட்டங்கள் இன்றே ஏறிவிட்டன. எங்கேயோ ஒன்று அறுந்ததற்கு "போ காட்டா" என்று பிள்ளைகள் கூச்சல் போடுவது கேட்டது.

யசோதா தேநீர்த் தட்டுடன் கடைசிப் படியில் நின்றிருந்தாள்.

"அது நான் வெச்சது" என்றாள்.

தட்டை வைத்துவிட்டு அருகில் வந்தாள். "முன்னாடி வெச்சா வெளிச்சத்த மறைக்கும்னு பின்னாடி வெச்சேன். நம்ம வீட்டுலேர்ந்து முதல் முதல்ல பெரிய இடத்துக்குப் போற பொருள். வெறும் நெத்தியோட அனுப்ப எனக்கு மனசு வரல. அது இதைச் சுடும்னு எனக்குத் தெரியாதும்மா."

தபன்தா அந்தப் போர்டைப் பார்த்துக் கைகூப்பினார். சாதனா மேடம் இந்த அம்மா என்ன சொல்கிறார் என்று மிருதுளாவிடம் கேட்டார். மாற்றிச் சொல்ல மிருதுளாவுக்கு ஆயிரம் வழி இருந்தது. மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மாமியார் சொன்னதை வார்த்தை விடாமல் சொன்னாள்.

சாதனா மேடத்தின் உதடு லேசாக மலர்ந்தது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டருக்கே சிந்தூர்ப் பொட்டு உண்டு என்றார். பிறகு மடித்து வைத்த தாளை எடுத்துப் பிரித்து, அதையும் போர்டைப் போலவே திருப்பிப் பக்கத்தில் பிடித்தார். பெருக்கல் குறியும் பொட்டும் ஒரு சுண்டு விரல் அகலம்கூட விலகவில்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்தாறு வருட வேலையில் திறந்த பிறகு தப்பைக் காட்டியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன் என்றார். இந்தத் தாளை நானே வைத்துக்கொள்ளலாமா என்று மிருதுளாவிடம் கேட்டார். ஒரு பொறியாளர் இன்னொரு பொறியாளரிடம் கேட்பது போல இருந்தது அது.

இனி அதைத் துடைக்க வேண்டும். தபன்தா ஸ்பிரிட்டில் நனைத்த துணியை எடுத்துக்கொண்டு நின்றார். பூஜைக்கு முந்தின நாள் குங்குமத்தைத் துடைக்க அவர் கை போகவில்லை. துணியை நிர்மலிடம் நீட்டினார். நிர்மல் வாங்கவில்லை. மிருதுளா கையை நீட்டிவிட்டுப் பாதியில் நிறுத்தினாள்.

"குடுப்பா. நான் வெச்சதை நான் எடுக்கறேன்" என்று யசோதா வாங்கித் துடைத்தாள். பாத்திரம் தேய்க்கும் அக்கறையோடு, விளிம்பில் ஒட்டியிருந்ததையும் விடாமல் துடைத்தாள். துடைத்துவிட்டுக் கேட்டாள்:

"இனிமே வெக்கணும்னா எங்கம்மா வெக்கறது?"

மிருதுளா விளக்கைக் கம்பத்தில் மாட்டும் இரும்புப் பிடியைக் காட்டினாள். "இங்க வைங்க அத்தை. எத்தனை வேணா வைங்க. இது வெறும் கை. இதுக்குச் சூடு கிடையாது."

புதுப் பசையை ஓர் அட்டைத் துண்டால் தடவினாள். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற அளவுதான். அதிகம் போட்டால் அதுவே சூட்டுக்குச் சுவராகிவிடும் என்று மாமனாருக்குச் சொல்லிக்கொண்டே தடவினாள். எட்டுத் திருகுகளையும் எதிரெதிர் மூலையாக, சிறிது சிறிதாக இறுக்கினாள். விளக்கு எரிந்தது. பட்டறைச் சுவரில் எல்லோருடைய நிழலும் கத்தரித்தது போல் விழுந்தது.

சாதனா மேடம் போகவில்லை. மேலே போய் யசோதா பிசைந்து கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டார், கறிவேப்பிலையை ஒதுக்காமல். இராமநாதன் தன் கிரேன் கதைகளை அரைகுறை வங்காளத்தில் அவருக்குச் சொன்னார். அவர் அரைகுறையாகச் சிரித்தார். கீழே மிருதுளா மட்டும் விளக்கின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு. ஐம்பத்தைந்து. அறுபத்து மூன்று. அறுபத்தேழு. பிறகு அது ஏற மறுத்தது.

நாலு மணிக்கு ஆறு விளக்குகளும் அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது. இராமநாதன் நாலாவதன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை.

"ஜுரம் விட்டுடுச்சு" என்றார்.

புது அரக்கு உருகியது, முத்திரை பதிந்தது. நாளை மறுநாள் ஒன்பது மணிக்கு லாரி வரும், கம்பத்தில் ஏற்றும்போது நீங்களும் வாருங்கள் என்று சாதனா மேடம் மிருதுளாவிடம் சொன்னார். வாசல்வரை போனவர் திரும்பி, யார்டில் சரக்குப் பெட்டி கோக்கிற ஆட்களையும் அன்றைக்குக் கூப்பிட்டுக் கம்பத்தடியில் நிற்க வைக்கலாமே என்றார். குடையை விரித்துக்கொண்டு சந்து முனையில் மறைந்தார்.

தபன்தா விஸ்வகர்மாவின் முகத்தை மூடியிருந்த செய்தித்தாளை ஒரு ஓரம் தூக்கிப் பார்த்துவிட்டு, நாளை வருகிறேன் என்று கிளம்பினார். இராமநாதன் கைப்பேசியில் கிடர்பூர் நண்பர் ஒருவரைப் பிடித்துவிட்டார். "எப்படிச் சொன்னாள்னு கேக்கறியா? மூடின விளக்குக்குள்ள இருக்கற பொட்டைக் காகிதத்துல காட்டினா எங்க மருமக..." குரல் படியேறிப் போயிற்று.

மிருதுளா காலை இட்லியை எடுத்தாள். விறைத்துக் கிடந்தது. அப்படியே தின்றாள், இரண்டு, மூன்று என்று.

"நேத்து ராத்திரி என்ன பண்ணேன் தெரியுமா அத்தை? தப்பு என்னோடதுதான்னு முடிவு பண்ணி, வரைபடத்த முழுசா அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சேன். நல்லவேளை, பழசுல ஒரு பிரதி இருந்துது."

"நீ சொன்னதுதான் சரி, மிருது" என்றான் நிர்மல். "நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"போகட்டும். உங்களுக்கும் பயம், எனக்கும் பயம்." 'நீங்க' திரும்ப வந்துவிட்டிருந்தது.

யசோதா தேநீர்க் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தபன்தா விட்டுப்போன நோட்டு மேஜையில் திறந்தபடி கிடந்தது. ஐந்து கையெழுத்து, நடுவில் ஒரு வெற்று வரி. கோப்பையுடன் அதன்மேல் குனிந்தவள் நிமிரவில்லை. ரப்பர் வளையம் வந்த அந்த மத்தியானம். சந்தனக் கிண்ணமும் கையுமாக அவள் இறங்கி வந்தது. மேஜைமேல் அந்த ஒரு போர்டு மட்டும் குப்புறக் கிடந்தது. எங்கே வைக்கட்டும் என்று அவள் யாரைக் கேட்டாள், யார் தலையாட்டினார்கள்.

கோப்பையைக் கீழே வைத்தாள். மிருதுளா நிமிர்ந்து பார்த்தாள். நிர்மல் டிரைவர் பெட்டியின் மூடியை, ஏற்கெனவே இறுக்கியிருந்ததையே, மறுபடியும் இறுக்கிக்கொண்டிருந்தான்.

"நான் பொட்டு வெக்கிறப்ப நீ திருப்புளியும் கையுமா என் பக்கத்துலதான் நின்னே, நிர்மல். துடைக்க மனசு வரல, சரி. மூணு நாளா இவ தன் கணக்கையே சந்தேகப்பட்டுக்கிட்டு உக்காந்திருந்தாளே, என் பேரைக் காப்பாத்தறதுக்காடா இவ பேரை விட்டுக் குடுத்தே?"